தஞ்சாவூர் போர்டு ரயிலும் ஜப்பான் பெட்ரோல் வரியும்

மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரைக்கும் 1894இல் ஒரு ரயில் பாதையைத் திறந்தார்கள். நீளம் 54 மைல். அது லண்டன் கம்பெனிக்குச் சொந்தமில்லை, சர்க்காருக்கும் சொந்தமில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குச் சொந்தம். நிலத்தீர்வை கட்டியவர்களிடம் ரூபாய்க்குச் சில தம்பிடி கூடுதலாக வசூலித்து, அந்தப் பணத்தை ஆதாரமாக வைத்துப் போர்டு போட்ட பாதை. வண்டியை ஓட்டிக் கொடுக்கும் வேலையை மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனி எடுத்துக்கொண்டது. பத்து வருஷத்துக்குள் பாதை பட்டுக்கோட்டையைத் தாண்டி அறந்தாங்கி வரை நீண்டது. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு தன் குடிகளின் வரியில் ரயில் விட்டது இங்கேதான் முதலில். பிறகு கோயம்புத்தூர் போர்டு போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதையையும், திருநெல்வேலி போர்டு திருச்செந்தூர்ப் பாதையையும் போட்டன.

நெடுஞ்சாலைக் கணக்குப் பிரிவில் பில் சரிபார்த்தே ஓய்வுபெற்றவன் நான். எந்த ரோட்டைப் பார்த்தாலும் இதற்குப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வந்தது என்றுதான் முதலில் மனசு ஓடும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். மன்னார்குடி வண்டிக்கு இன்ஜின் மாற்றிக்கொண்டிருப்பார்கள். நாகப்பட்டினம் ரோடு இரண்டு பக்கமும் நிறைந்துவிடும். "சீனாவைப் பாருங்க சார், ஜப்பானைப் பாருங்க, நம்மாளுங்க எவ்வளவு செலவு பண்றாங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எவ்வளவு என்பதோடு நின்றுவிட்டால் பதில் கிடைக்காது. யார் பையிலிருந்து எடுத்தார்கள், எங்கே போடுவது என்று யார் முடிவுசெய்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கணக்குக்கு உயிர் வரும். இதைச் சொல்ல நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. உலகத்தில் ரோட்டுக்கும் ரயிலுக்கும் பணம் புரட்டிய வழிகளில் பெரும்பாலானவை இந்தக் காவிரிப் படுகைக்குள்ளேயே ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயிருக்கின்றன.

போர்டு ரயிலுக்கு முன்னால் வந்தது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலும், அங்கிருந்து திருச்சிக்கு 1862இலும் அவர்கள் வண்டி விட்டார்கள். முதல் போட்டவர்கள் இங்கிலாந்துப் பங்குதாரர்கள். அவர்களுக்கு வருஷத்துக்கு 5 சதவீதம் வருமானத்தை அரசு உத்தரவாதம் செய்தது. ரயில் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் அந்த 5 சதவீதம் போய்ச் சேரும். துண்டு விழுந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து அடைப்பார்கள். நிலமும் இலவசம். செலவைக் குறைக்க வேண்டும் என்ற கவலை கம்பெனிக்கு ஏன் வரப்போகிறது? நிதித்துறையில் இருந்த வில்லியம் மாசி 1872இல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் கமிட்டி முன்னால் இதை ஒளிக்காமல் சொன்னார். பணம் ஹூக்ளி ஆற்றில் போனாலும் செங்கல்லாக எழுந்தாலும் பங்குதாரருக்கு ஒன்றுதான் என்பது அவர் சாட்சியத்தின் சாரம்.

அந்த நாகப்பட்டினம் பாதையை முதலில் அகலப் பாதையாகப் போட்டார்கள். 1870களில் பிடுங்கி மீட்டர் பாதையாக்கினார்கள். எங்கள் தலைமுறையில் மறுபடி அகலப் பாதையானது. ஒரே மண்மேட்டுக்கு மூன்று தடவை தண்டவாளச் செலவு.

கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் அப்போதே எதிர்த்துப் பேசினார். 1836இல் தொடங்கிய அந்த வேலையில் இந்த மண்ணைப் பழகியவர் அவர். ரயிலுக்குக் கொட்டும் பணத்தில் கால்வாய் வெட்டினால் பயிருக்குத் தண்ணீரும் ஆகும், படகில் சரக்கும் போகும் என்பது அவர் வாதம். லண்டனில் எடுபடவில்லை. 1900 வரை ரயிலுக்குச் சுமார் 22 கோடியே 50 லட்சம் பவுண்டு, பாசனத்துக்குச் சுமார் 2 கோடியே 50 லட்சம் பவுண்டு என்று ரமேஷ் சந்திர தத் கணக்குப் போட்டு எழுதினார். ஒன்பதுக்கு ஒன்று. பஞ்சங்களில் மக்கள் செத்துக்கொண்டிருந்த காலத்துக் கணக்கு அது. முடிவெடுத்தவர்களின் ஊரும் வரி கட்டியவர்களின் ஊரும் வேறு வேறாக இருந்ததால் வந்த விகிதம் என்றே நான் அதைப் படிக்கிறேன். காட்டன் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. மேட்டு நிலத்தில் கால்வாய்ப் படகு எங்கே போகும்? ஆனால் இங்கே போயிருக்கும்.

இதற்கு நடுவே காரைக்கால். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் துறைமுகத்தைப் போர்டு ரயிலோடு சேர்க்கப் பேரளத்திலிருந்து ஒரு கிளைப் பாதை போட்டு 1898இல் திறந்தார்கள். ஓட்டியது அதே தென்னிந்திய ரயில்வே; பணம் பிரெஞ்சு இந்தியாவுடையது. பிரான்ஸில் 1879இல் ஃபிரெய்சினே என்ற அமைச்சர் சிறு நகரங்களுக்கெல்லாம் ரயில் என்று திட்டம் கொண்டுவந்திருந்தார். அந்த நாட்டுக்கு ரயில் என்பது அரசு செய்ய வேண்டிய வேலை. ஆக, திருவாரூரைச் சுற்றிச் சில மணி நேர மாட்டுவண்டித் தூரத்துக்குள் மூன்று வகைப் பணம்: லண்டன் பங்கு, ஜில்லா வரி, பிரெஞ்சு கஜானா. இவற்றில் தீர்வை கட்டிய ஊர்களுக்குள்ளேயே முடிவும் எடுத்த பாதை போர்டு ரயில் ஒன்றுதான். போர்டில் உட்கார்ந்தவர்கள் பெரிய மிராசுதாரர்கள், குடியானவனுக்கு அங்கே நாற்காலி இல்லை என்பது உண்மை. இருந்தாலும் பாதை எங்கே வளைய வேண்டும் என்று நெல் விளைகிற ஊரில் வைத்துத்தான் பேசினார்கள். திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று அது நெல்லையும் உப்பையும் தேடிப் போவதை வரைபடத்தில் பார்த்தாலே தெரியும்.

இப்போது உலகக் கணக்குக்கு வருகிறேன். பாரிஸில் சர்வதேசப் போக்குவரத்து மன்றம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு நாடும் ரோடு, ரயில், நீர்வழிக்குப் போடும் முதலீட்டை வருஷாவருஷம் திரட்டி, அது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் எத்தனை சதவீதம் என்று பட்டியல் போடுவார்கள். மேற்கு ஐரோப்பா 1975இல் 1.5 சதவீதம் செலவழித்தது. 1980களின் தொடக்கத்தில் அது 1 சதவீதமாக இறங்கி, பிறகு அதற்கும் கீழே போனது. சீனா அதைப்போலப் பல மடங்கு. இதைப் பார்த்ததும் ஐரோப்பா ரோட்டைக் கைவிட்டுவிட்டது, சீனாதான் கெட்டி என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஐரோப்பாவில் பல நாடுகள் மோட்டார் சாலைகளை 1960, 70களிலேயே பெருமளவு போட்டுவிட்டன. சீனாவில் முதல் விரைவுச்சாலை, ஷாங்காயிலிருந்து ஜியாடிங் வரை, 1988இல்தான் வந்தது. அது 20 கிலோமீட்டர்கூட இல்லை. இன்று அங்கே விரைவுச்சாலை 1.8 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கடன் வாங்கிப் போடு, சுங்கம் வசூலித்துக் கட்டு என்று 1984இல் எடுத்த முடிவின் விளைவு. அந்தக் கடனில் பெரும்பகுதி மாகாணங்கள் தலையில் இன்னும் இருக்கிறது. வீடு கட்டுகிற வருஷத்துச் செலவையும் வெள்ளையடிக்கிற வருஷத்துச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரியும்?

பட்டியலில் இன்னொரு சங்கடம். அது முதலீட்டுக் கணக்கு. பராமரிப்பைத் தனியாகக் கேட்பார்கள். பல நாடுகள் அதைச் சரியாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. பஸ் ஓட்டும் செலவு அதில் வராது.

ஒரே நாட்டின் இரண்டு வருஷங்களை ஒப்பிடுவதே எவ்வளவு சிக்கல் என்பதற்கு நம் நாட்டுக் கணக்கையே காட்டலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஒதுக்கீடு 2013-14இல் சுமார் 31,000 கோடி ரூபாய். 2023-24இல் சுமார் 2.7 லட்சம் கோடி. மேடையில் சொல்லும்போது கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு என்பார்கள். வேலை நடந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. தேசிய நெடுஞ்சாலை 91,000 கிலோமீட்டரிலிருந்து 1.46 லட்சம் கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது மடங்கில் கணக்கு மாற்றமும் கலந்திருக்கிறது. நடுவில் சில வருஷங்கள் நெடுஞ்சாலை ஆணையம் தன் பெயரில் சந்தையில் கடன் வாங்கிச் செலவழித்தது. அது பட்ஜெட்டில் தெரியாது. கடன் சுமார் மூன்றரை லட்சம் கோடியை எட்டியபோது, 2022-23 முதல் புதுக் கடனை நிறுத்தி, பட்ஜெட்டிலிருந்தே பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். செலவு இடம் மாறி உட்கார்ந்ததும் ஒதுக்கீடு திடீரென்று உயர்ந்தது. முன்பு மறைந்திருந்தது இப்போது வெளிச்சத்துக்கு வந்தது, அது நல்லதுதான். ஆனால் அந்த உயர்வு முழுவதையும் புது ரோடு என்று படிக்கக் கூடாது. கணக்குப் பிரிவில் இருந்தவன் இதைச் சொல்லாமல் போனால் தப்பு.

ரோட்டுக்கென்று தனி உண்டியல் வைப்பது பல நாடுகள் செய்துபார்த்த காரியம். பிரிட்டனில் 1909இல் லாயிட் ஜார்ஜ் பெட்ரோலுக்கும் வண்டிக்கும் வரி போட்டு, அந்தப் பணம் ரோட்டுக்கே என்று வாக்குக் கொடுத்தார். 1926இல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் அந்த நிதியிலிருந்து பொதுச் செலவுக்கு எடுத்தார். 1937இல் உண்டியல் முறையே போய்விட்டது. அமெரிக்காவில் 1956இல் ஐசனோவர் காலத்துச் சட்டம், 41,000 மைல் நெடுஞ்சாலைக்குப் பெட்ரோல் வரியை ஒரு தனி நிதியில் கட்டிவைத்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசு கொடுத்தது. அங்கே உண்டியல் இன்னும் இருக்கிறது, காசுதான் வற்றிவிட்டது. பெட்ரோலுக்கான மத்திய வரி 1993இலிருந்து கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. 2008 முதல் பொது நிதியிலிருந்து ஊற்றித்தான் அந்த நிதியைக் காப்பாற்றுகிறார்கள்.

ஜப்பான் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதுவும் ஒரு நெல் நாட்டுக் கதை. தனாகா காகுவே என்ற எம்.பி. நீகாதா மாகாணத்துக்காரர். நல்ல அரிசிக்குப் பேர்போன ஊர், குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும். தோக்கியோவிலிருந்து தன் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறது என்ற ஆத்திரம் அவருக்கு. 1953இல் பெட்ரோல் வரி முழுவதும் ரோட்டுக்கே என்ற சட்டத்தை முன்னின்று நிறைவேற்றினார். 1972இல் பிரதமரானார். 1982இல் நீகாதாவுக்குப் புல்லட் ரயிலும் வந்தது. அரை நூற்றாண்டு அந்த வரி கிராமத்து மலைகளையெல்லாம் தோண்டிச் சுரங்கப்பாதை போட்டது. கடைசியில் ஆளில்லாத இடத்துக்கும் ரோடு போகிறது, காண்ட்ராக்டர்களுக்காகவே ரோடு போகிறது என்று கூச்சல் எழுந்து, 2009இல் உண்டியலைப் பொது நிதியில் கரைத்துவிட்டார்கள். ஊருக்குப் பணம் வந்தது. ஆனால் எந்த ரோடு வேண்டும் என்ற முடிவு ஊரிலிருந்து வராமல் கட்சி மூலமாகவும் அமைச்சகம் மூலமாகவும் வந்தது.

நம் உண்டியல் 1929இல் ஜெயகர் கமிட்டி சிபாரிசில் வந்த மத்திய சாலை நிதி. 2000இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. பெட்ரோல், டீசல் வாங்கும் ஒவ்வொரு லிட்டரிலும் அதற்கான மேல்வரி இருக்கிறது. அது மேல்வரி என்பதால், நிதிக் குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் தொகையில் சேராது. எவ்வளவு திரும்பி வரும், எந்த வேலைக்கு வரும் என்பதை டெல்லி தீர்மானிக்கும். 2018இல் அதன் பெயரோடு "உள்கட்டமைப்பு" என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. இப்போது ரோட்டுக்கு வெளியேயும் அந்தப் பணம் போகலாம். டிராக்டருக்கு டீசல் ஊற்றும் எங்கள் ஊர்க்காரர் இந்த வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் கொள்ளுத்தாத்தா ரயிலுக்குத் தம்பிடி கட்டினார் என்றால், அந்தத் தம்பிடி ஜில்லாவைத் தாண்டவில்லை.

டீசலைச் சொன்னேன், எங்கள் ரோட்டையும் சொல்லிவிடுகிறேன். ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பக்கம். மெயின் ரோட்டிலிருந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் ரோடு வாய்க்கால் கரைமேல் போட்ட தார் ரோடு. தார் அகலம் மூன்றே முக்கால் மீட்டர். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். கோடையில் இந்தக் களிமண் வெடித்துக் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும், ஐப்பசியில் ஊறி உப்பும். மேலே போட்ட தார் எத்தனை நாள் தாங்கும்? டெல்டாவில் கல்லும் கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஜல்லி இன்றைக்கும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. அதனால் பாறை நிலத்து ஜில்லாவின் கிலோமீட்டர் செலவை எங்கள் கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் நாங்கள் ஊதாரிகளாகத் தெரிவோம். வங்கதேசத்தை வைத்துப் பார்த்தால் புரியும். அங்கேயும் வண்டல் மண், கல் இல்லை. செங்கல்லைச் சுட்டு, அதை உடைத்து ஜல்லியாக்கி ரோடு போடுகிறார்கள்.

போன சம்பா அறுவடையின்போது அந்த ரோட்டில் இரண்டு மதகுக்கு நடுவே ஓரம் சரிந்துபோனது. நிலையத்தில் 40 கிலோ சிப்பங்கள் அட்டியாக அடுக்கிக் கிடக்கின்றன, மேலே தார்ப்பாய். எடுக்க லாரி வர வேண்டும். டிரைவர் சரிவு வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "லோடோட இதுல இறங்குனா வண்டி வாய்க்காலுக்குள்ளதான் சார் கிடக்கும். நான் மெயின் ரோட்டுலயே நிக்கிறேன், டிராக்டர்ல கொண்டாந்து ஏத்துங்க" என்றார். அப்படியே செய்தோம். ஏற்றுகூலி இரண்டு தடவை. இடையில் ஒரு மழை. 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காயவைத்து எடைபோட்ட நெல், அடிவரிசையில் நனைந்து முளைவிட்டது. இந்த நஷ்டம் எந்த நாட்டின் போக்குவரத்துச் செலவுப் பட்டியலிலும் ஏறாது. ஏற்றியவர்களும் விளைவித்தவர்களும் சுமந்தது அது.

அந்த ரோட்டின் எம் புக்கை, அதாவது அளவுப் புத்தகத்தை, என்னால் மனக்கண்ணிலேயே பார்க்க முடியும். நீளம், அகலம், கனம் என்று அளந்து மையில் எழுதி, மேலதிகாரி மறுபடி அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில் பாஸாகும். புது ரோட்டுக்கு அத்தனை ஒழுங்கு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோது, போட்ட காண்ட்ராக்டரே 5 வருஷம் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள்; நல்ல ஏற்பாடு. ஆறாவது வருஷம் அந்த ரோடு பஞ்சாயத்துப் பணத்துக்குத் திரும்பிவிடும். அங்கே தெருவிளக்கு, குடிதண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சுவதில்தான் குழி அடைக்க வேண்டும். இந்தியாவின் 63 லட்சம் கிலோமீட்டர் ரோட்டில் தேசிய நெடுஞ்சாலை 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நாலுவழிச்சாலை தேவைதான், அது இழுத்துக்கொண்டே போனதில் நானும் அவதிப்பட்டவன். ஆனால் நெல் வயலை விட்டுக் கிளம்பும் முதல் நாலு கிலோமீட்டர் எப்போதும் மீதிக் கணக்கில்தான் வருகிறது.

பஸ் விஷயத்தில் தமிழ்நாடு எடுத்த முடிவு வேறு மாதிரி. கும்பகோணத்தில் ராமன் அண்டு ராமன் போன்ற தனியார் கம்பெனிகள் ஓட்டிய காலம் போய், 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பிரிட்டன் 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ்ஸைச் சந்தைக்குத் திறந்துவிட்டது. நாம் அந்தப் பக்கம் போகவில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது, அந்தப் பணத்தை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. லக்சம்பர்க் 2020இல் பொதுப் போக்குவரத்தை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அது உலகப் பணக்கார நாடுகளில் ஒன்று. இங்கே காலை வண்டியில் நடவுக்குப் போகும் பெண்கள் டிபன் தூக்கோடு ஏறுகிறார்கள். முன்பு நடந்து போகிற தூரத்துக்குள்தான் வேலை தேடினார்கள். இப்போது அடுத்த ஒன்றியத்தில் கூலி அதிகம் என்றால் அங்கே போகிறார்கள். பாரிஸ் பட்டியலில் இந்தச் செலவுக்கு இடமில்லை, ஏனென்றால் இது முதலீடு இல்லை. என்னைக் கேட்டால், டெல்டாவில் என் காலத்தில் போக்குவரத்துக்குச் செலவழித்த பணத்தில் இதைப்போல நேராகப் போய்ச் சேர்ந்தது வேறில்லை.

ஜில்லா போர்டு திரும்பி வரப்போவதில்லை. ஆனால் டீசல் மேல்வரியில் ஒரு பங்கு, அந்த ஜில்லாவில் விற்ற டீசலுக்கு ஏற்ப, ஊராட்சி ரோடுகளின் பராமரிப்புக்கு மட்டும் என்று திரும்ப வரலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும், நாளாகும். அதுவரை செய்யக்கூடியது ஒன்றை எங்கள் ஊர் கிராம சபையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றியத்தில் உள்ள ஒவ்வொரு ரோட்டின் பெயருக்கு நேரே, கடைசியாகத் தார் போட்ட வருஷம், அதற்கு எந்த நிதி, எம் புக் எண், அதற்குப் பிறகு குழி அடைக்கச் செலவான தொகை, இந்த நான்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் ரோடுகளை முதலில் எழுத வேண்டும். அடுத்த சபை அக்டோபர் 2ஆம் தேதி. குறுவை நெல் நிலையத்துக்கு வந்துகொண்டிருக்கும் சமயம், ஆட்கள் வருவார்கள்.